உள்நுழைவுப் பதிவைக் காலியாக்கலாம், நீக்கக் கூடாது

பல மாதங்களாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு லினக்ஸ் சர்வரை வேறொரு குழுவிடம் ஒப்படைப்பதற்கு முன், பழைய உள்நுழைவு வரலாறு அவர்களுக்குத் தேவையில்லை என்று எண்ணி, அதைச் சேமிக்கும் டபிள்யூடிஎம்பி கோப்பை ஆர்எம் கட்டளையால் நீக்கிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, குறிப்பிட்ட ஓர் இரவில் யார் உள்ளே வந்தார்கள் என்று அவர்கள் கேட்டபோது, அந்தக் கோப்பைப் படித்து உள்நுழைவுகளைப் பட்டியலிடும் லாஸ்ட் கட்டளை அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. கணினியின் பொதுப் பதிவேடான ஜர்னலில் எஞ்சியிருந்த, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் வரிகளைக் கோத்துத்தான் பதில் சொல்ல முடிந்தது.

காரணம் எளியது. உள்நுழைவை எழுதும் நிரல்கள் டபிள்யூடிஎம்பி கோப்பு இருந்தால் அதன் கடைசியில் ஒரு பதிவைச் சேர்க்கும். இல்லாவிட்டால் புதிதாக உருவாக்காமல், பிழை எதையும் காட்டாமல் நகர்ந்துவிடும். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள பல கணினிகளில் மறுதொடக்கத்தின்போது அந்தக் கோப்பு மீண்டும் உருவாகும் என்றாலும், அதுவரை நடந்தவை எங்கும் பதிவாவதில்லை. ஆகவே, வரலாற்றைப் புதிதாகத் தொடங்க விரும்புபவர்கள் முதலில் கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு, பிறகு ட்ரங்கேட் கட்டளையால் அதன் அளவைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். உரிமையாளரும் அனுமதிகளும் அப்படியே இருக்கும்; ஒவ்வோர் உள்நுழைவின்போதும் கோப்பு புதிதாகத் திறக்கப்படுவதால் எந்தச் சேவையையும் மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை. பிரதியைப் பிறகு லாஸ்ட் கட்டளையின் எஃப் விருப்பத்தோடு எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். மாதந்தோறும் பழைய பதிவை ஒதுக்கிவைத்துப் புதிதாகத் தொடங்க லாக்ரோட்டேட் என்ற கருவி இருக்கும்போது கையால் செய்ய வேண்டிய தேவை அரிது.

ஒரு பயனரின் வரிகளை மட்டும் நீக்க உரைத்திருத்தியில் இந்தக் கோப்பைத் திறப்பது பெரும் தவறு. வழக்கமான 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் ஒவ்வொரு பதிவும் சரியாக 384 பைட் நீளமுள்ள இருமத் தரவு. ஒரு பைட் நகர்ந்தாலும் அதற்குப் பின் உள்ள அனைத்தும் குழம்பிவிடும். கோப்பின் அளவு 384ஆல் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்ப்பது சேதத்தைக் கண்டறிய நான் கையாளும் முதல் சோதனை. எழுத்து வடிவில் பார்க்க யூடிஎம்பிடம்ப் என்ற கட்டளை இருக்கிறது. அதன் வழியாகத் திருத்தவும் முடியும் என்றாலும், தணிக்கைக்குரிய பதிவில் தேர்ந்தெடுத்து வரிகளை எடுப்பதை நான் ஏற்பதில்லை. காலியாக்குவதானால் முழுவதையும், காரணத்தையும் நாளையும் எழுதிவைத்துவிட்டுக் காலியாக்க வேண்டும்.

தோல்வியுற்ற முயற்சிகளைச் சேர்க்கும் பிடிஎம்பி கோப்புக்கு இன்னும் அதிகக் கவனம் தேவை. இணையத்துக்குத் திறந்திருக்கும் சர்வரில் அது விரைவாகப் பெருகும். அதைவிட முக்கியமானது, அவசரத்தில் பயனர்பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுபவர்கள் உண்டு; பிடிஎம்பியைப் படித்துக் காட்டும் லாஸ்ட்பி கட்டளையின் வெளியீட்டில் முதல் நெடுவரிசையில் அது அப்படியே வெளிப்படையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே, இந்தக் கோப்பின் பிரதியை முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட் தவிர வேறு யாரும் படிக்க முடியாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இந்தப் பதிவுகளின் நேரப் புலம் 32 பிட் என்பதால் 2038 ஜனவரி 19க்குப் பின் அது தாங்காது. அதனால் டெபியன் 13 போன்ற வெளியீடுகள் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதும் டபிள்யூடிஎம்பிடிபிக்கு மாறிவிட்டன. அங்கே பழைய கோப்பைக் காலியாக்கினாலும் வரலாறு அப்படியே இருக்கும். டபிள்யூடிஎம்பிடிபியின் ரொட்டேட் துணைக்கட்டளையே பழைய பதிவுகளைத் தனித் தரவுத்தளத்துக்கு மாற்றித் தருகிறது.