இன்ஜின் ஒன்றுக்குப் போகிறதா?

மலேசியாவில் எங்கள் நிபோங் திபால் ஆற்றங்கரையில் படகு இன்ஜினைப் பற்றி வாயைத் திறந்தால் முதலில் கேட்பது "ஆயர் கென்சிங்" வருகிறதா என்றுதான். மலாயில் மூத்திரத் தண்ணீர் என்று அர்த்தம். படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்ட் இன்ஜினின் பின்பக்கம் சின்னதாக ஓர் ஓட்டை இருக்கும். இன்ஜின் ஓடுகிற வரைக்கும் அதிலிருந்து தண்ணீர் விர்ரென்று பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினைக் குளிரவைக்க ஆற்றில் உறிஞ்சிய தண்ணீர் மேலே ஏறுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இதற்கு மேனுவலில் வேறு நாகரிகமான பெயர் இருக்கிறது. எங்கள் பக்கம் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

நான் பிறந்தது கலிடோனியா தோட்டத்தில். செம்பனைத் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் 22 வருடம் டிரேக்டர் பார்த்தேன். அந்தத் திமிரில்தான் பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜினோடு ஒரு ஃபைபர் படகு வாங்கினேன். இன்ஜின் என்றால் இன்ஜின்தானே, இதில் என்ன பெரிய வித்தை என்ற நினைப்பு. டிரேக்டர் தனக்கு வேண்டிய தண்ணீரை ரேடியேட்டரில் சுமந்துகொண்டு திரியும். படகு போகிற இடத்தில் கிடைப்பதைக் குடிக்கும். கிரியான் ஆற்றில் கிடைப்பது என்ன? சேறு, கடல் ஏறும் நேரத்தில் உப்பு, எப்போதும் பிளாஸ்டிக் பை.

இன்னொன்று, தண்ணீர் பம்பு இன்ஜினின் தலையில் இல்லை, காலில் இருக்கிறது, புரொப்பல்லருக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே ஆறு இதழ் விரித்த பூ மாதிரி, சுழன்று தண்ணீரை மேலே தள்ளுகிற ஒரு ரப்பர் இம்பெல்லர். அதற்கு எண்ணெயும் இல்லை, கிரீஸும் இல்லை. ஓடும் தண்ணீரே அதற்கு வழவழப்பு. அதனால் வறண்டு ஓடினால் சில விநாடிகளிலேயே ரப்பர் சூடேறிக் கருகத் தொடங்கிவிடும்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும், போன தீபாவளிக்கு முன்னால் வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டில் மாட்டியிருந்த இன்ஜினை, மனைவியின் தம்பிக்குச் சத்தம் காட்டுவதற்காகத் தண்ணீர் இல்லாமலே கயிற்றை இழுத்தேன். "எப்படி இருக்கு மச்சான்?" என்று வேறு கேட்டேன். இரண்டு விநாடிதான்.

அடுத்த சனிக்கிழமை கொடுவா பிடிக்க முகத்துவாரம் பக்கம் போனேன். போகும்போதே மூத்திரம் மெலிந்துவிட்டது. சேறு அடைத்திருக்கும் என்று நினைத்தேன். இந்த இன்ஜினில் சூடு ஏறினால் கத்துகிற அலாரமும் கிடையாது. திரும்பி வரும்போது வேகம் தானாகக் குறைந்தது, ஒரு கருகல் வாடை. கையை வைத்தால் வைக்க முடியவில்லை. அணைத்துவிட்டு நங்கூரம் போட்டேன். இருட்டிக்கொண்டு வந்தது. கரையோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பற்ற ஆரம்பித்தது. சுற்றுலாப் படகில் காசு கொடுத்துப் பார்க்கிற காட்சி. நான் கொசுக்கடியோடு இலவசமாகப் பார்த்தேன். கடைசியில் படகுத்துறைப் பாக்சிக்தான் கட்டி இழுத்து வந்தார். மலாய்க்காரப் பெரியவரை நாங்கள் பாக்சிக் என்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "தம்பி, கென்சிங் தாடாவா?" என்றார், மூத்திரம் இல்லையா என்று. இல்லை பாக்சிக், வரவே இல்லை.

மறுநாள் இன்ஜினின் காலைக் கழற்றினேன். உப்பில் இறுகிய போல்ட்டுகள் மட்டுமே அரை நாளைத் தின்றன. பம்பைத் திறந்தால் இம்பெல்லரில் நாலு இதழ்தான். புதுசை மாட்டி மூடிவிடலாம் என்று தோன்றும். கூடாது. அந்த இரண்டு துண்டும் எங்கே போயின என்று தேட வேண்டும், இல்லாவிட்டால் செப்புக் குழாய் வழியாக மேலே ஏறித் தண்ணீர்ப் பாதையில் சிக்கிக்கொள்ளும். ஒன்று பம்பு உறைக்குள்ளேயே கிடந்தது. மற்றது குழாயில். ஹோஸ் பைப்பை மேலிருந்து வைத்து அடித்து அடித்து, மாலையில்தான் கறுப்பாக, நகம் அளவில் வெளியே வந்து விழுந்தது. அன்றைக்கு அதைவிட அழகான பொருள் எதையும் நான் பார்க்கவில்லை.

புது இம்பெல்லரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் திருப்பிக்கொண்டே உறைக்குள் இறக்கினேன். அப்போதுதான் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். இம்பெல்லரை அச்சோடு பூட்டுகிற, சாவி என்று நாங்கள் சொல்லும் சின்ன உலோகத் துண்டு புல்லில் விழுந்து தொலைந்த கதை தனிக்கதை.

கையோடு, சூடு ஏறிய பிறகே தண்ணீருக்கு வழி திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டையும் பார்ப்போம் என்று திறந்தால், ஆளே இல்லை! முன்னால் வைத்திருந்தவர் கழற்றி எறிந்திருக்கிறார். சூடே ஏறாது என்று நம் ஆட்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள். எனக்கு இது பிடிக்காது. இன்ஜின் எந்நேரமும் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோல் சரியாக எரியாது, பிளக் கறுத்துப்போகும். டிரேக்டரில் இது 80 டிகிரியைத் தாண்டித்தான் திறக்கும். படகில் 50, 60லேயே திறந்துவிடும். அதற்கு மேல் சூடானால் கடல் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளேயே படிந்து கல்லாகிவிடும் என்பதால்தான் இந்த வித்தியாசம். புதிதாக வாங்கியதைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் போட்டு, வாய் திறக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டினேன். சட்டி யாருடையது என்பதில் வீட்டில் சின்னச் சண்டை.

இப்போது ஒவ்வொரு முறை வந்ததும் நீல டிரம்மில் இன்ஜினின் காலை முக்கி, நியூட்ரலில் 10 நிமிடம் நல்ல தண்ணீரில் ஓட்டுகிறேன். டிரம்மில் தண்ணீர் பம்புக்கு மேலே நிற்க வேண்டும். அப்புறம் இன்ஜினை நிமிர்த்தியே வைத்து வடிய விடுவேன். போன ஞாயிறு மறுபடியும் மூத்திரம் வரவில்லை, நெஞ்சு பகீரென்றது. பார்த்தால் ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. தூண்டில் நரம்பை விட்டுக் குடைந்ததும் பீய்ச்சி அடித்தது.

அந்த இரண்டு விநாடியால்தான் எல்லாம் என்று மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. சேறு அடைத்துவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.