காட்டெருமைகளை அழித்தது வெக்கை நோய்

ஆப்பிரிக்கக் காட்டெருமைகள் குறைந்ததற்கு வேட்டைக்காரர்களின் துப்பாக்கிதான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதை அப்படியே விட மனசு வரவில்லை. 1890களில் அந்த மந்தைகளைக் காலி செய்தது மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்).

1887 வாக்கில் இத்தாலியப் படைக்காக எரித்ரியாவின் மசாவா துறைமுகத்தில் இறக்கிய மாடுகளோடு அது வந்தது என்பார்கள். அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்பது பரவலான கருத்து. எத்தியோப்பியா, கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் நாடு என்று தெற்கே இறங்கி, 1896இல் சாம்பேசி ஆற்றைத் தாண்டியது. பல இடங்களில் பத்து மாட்டில் எட்டு, ஒன்பது செத்தன.

வெக்கை கண்ட மாட்டின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஈறிலும் நாக்கின் அடியிலும் தவிடு தூவியது போல் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் தோல் உரிந்து வரும். அடியில் செக்கச்சிவந்த புண். கண்ணில் பீளை, ஓயாத எச்சில், பிறகு நாற்றமடிக்கும் கழிச்சல். ஒரு வாரம், பத்து நாளில் கதை முடிந்துவிடும்.

இந்தக் கிருமி வெயிலில் நிற்காது. மாடுகள் நெருங்கி நின்றால்தான் பரவும். காட்டெருமையோ நூற்றுக்கணக்கில் சேர்ந்து திரியும், தண்ணீருக்குத் தினமும் வந்தாக வேண்டும். மாசாய்களின் மாடுகள் மேய்ந்த அதே புல்வெளியில்தான் அதுவும் மேய்ந்தது. அந்த நோயை அதற்கு முன் கண்டிராத உடம்பு வேறு.

துப்பாக்கிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னாளில் ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே), விலங்குகளின் ரத்தம் குடித்து மாடுகளுக்கு நோய் பரப்பும் செட்சி ஈயை ஒழிக்கிறோம் என்று காட்டு விலங்குகளைச் சுட்டுத் தள்ளியது பெரிய கொடுமை.

ஆனால் தான்சானியாவின் செரங்கெட்டி புல்வெளியைப் பாருங்கள். 1950களில் சுற்றியிருந்த வீட்டு மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். காட்டு விலங்கு ஒன்றையும் தொடவில்லை. 1960களின் தொடக்கத்தில் காட்டுக்குள்ளும் நோய் நின்றது. காட்டெருமைகள் பெருகின, சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்னும் மான் இன விலங்கு 1977க்குள் பதின்மூன்று லட்சத்தைத் தொட்டது. ஐஸ் பெட்டியோடு ஊர் ஊராகப் போய், கரைத்த மருந்து வீணாவதற்குள் போட்டு முடிக்க ஓடிய எங்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

வெக்கை 2011இல் உலகத்தை விட்டே போனதாக அறிவித்தார்கள். 1968இல் முதுமலை, பந்திப்பூர் காட்டு மாடுகளை வாரிக்கொண்டு போனதும் இதே நோய்தான். அந்தக் காடுகளின் ஓரத்தில் இன்றும் பட்டி மாடுகள் மேய்கின்றன. கோமாரியும் மாட்டிலிருந்து காட்டுக்குள் போகக்கூடிய நோய்தான்; அதனால் கோமாரி ஊசி போடப் போகிற தம்பிகள் காட்டோரக் கிராமங்களை முதலில் முடித்துவிடுங்கள்.