பேஸ் கேட்கவில்லை என்றார்கள்

மார்ச் 1, ஞாயிறு

எங்கள் இசைக்குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். நேற்று நிகழ்ச்சி முடிந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் வந்தார். "எல்லாம் நல்லா இருந்துச்சு, பேஸ்தான் கேக்கல." பத்து நிமிடத்தில் எங்கள் பாடகியும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் டிரம்மர். எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தவர் அவர். "உங்க பக்கத்துலருந்து உறுமல் மட்டும்தான் வந்துச்சு. எந்த சுரம்னு பிடிபடல. பாட்டை வெச்சுத்தான் ஓட்டினேன்" என்றார். அதுதான் மனதைப் போட்டுப் பிசைகிறது. காலால் அடிக்கும் கிக் டிரம்மும் பேஸும் கைகோத்துப் போகவேண்டியவை. அவர் என்னைக் கேட்காமலே இரண்டரை மணி நேரம் வாசித்திருக்கிறார்.

எனக்கும் சரியாகக் கேட்டது என்று சொல்ல முடியாது. இரண்டாவது பாட்டில் ஆம்பில் அடிச்சத்தத்தை ஏற்றும் லோ குமிழைத் திருகினேன், நாலாவதில் வால்யூமை. கால்சட்டை படபடத்தது. விரல் எதை வாசிக்கிறது என்பது மட்டும் காதுக்கு வரவே இல்லை.

என்னிடம் இருப்பது 500 வாட் கிளாஸ் டி ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத, எடை குறைந்த ஆம்ப். 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு கொண்ட 8 ஓம் கேபினெட் ஒன்று. இன்றிரவு முழுக்க 800 வாட் ஹெட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓம் என்பது கேபினெட்டின் மின்தடை, அது குறைந்தால் ஹெட் தரும் வாட் கூடும். ஹெட்டில் 500 வாட் என்று எழுதியிருப்பது 4 ஓமுக்கு. 8 ஓம் கேபினெட் ஒன்றை மட்டும் மாட்டினால் அதில் பாதியும் கொஞ்சமும்தான் வரும். இது எனக்குத் தெரிந்ததுதான், யோசிக்கத்தான் இல்லை.

அடுத்த கணக்கு இன்னும் கசப்பானது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் ஏறியிருக்கு' என்கிற அளவு. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 500க்குப் பதில் 800 வாங்கினால் கிடைப்பது வெறும் 2 டெசிபல். இதற்காகவா இரண்டு நாள் தூக்கம் கெட்டது?

அதைவிட அதேபோன்ற இன்னொரு 8 ஓம் கேபினெட் சேர்ப்பது மேல். இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகிவிடும், ஹெட்டும் முழு வாட்டைத் தரும், காற்றைத் தள்ளும் பரப்பும் இரட்டிப்பாகும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு ஓமை மறந்துவிடக் கூடாது. எங்கள் ரிகர்சல் அறைக்கு வரும் தம்பி ஒருவன் போன வருடம் இரண்டு 4 ஓம் கேபினெட்டை ஒன்றாக மாட்டிவிட்டான். 2 ஓமாகிவிட்டது. அவனுடைய ஹெட் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாத ரகம். பாதிப் பாட்டில் பாதுகாப்புச் சுற்று வேலைசெய்து தன்னை அணைத்துக்கொண்டது. நல்லவேளை, கருகவில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று ரிகர்சலுக்கு முன்னால் பேஸ் வாசிப்பவர்கள் மூன்று பேர் ஒரே அறையில் மாட்டிக்கொண்டோம்: நான், அந்தத் தம்பி, எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன். ஒரு மணி நேரம் யாரும் தந்தியைத் தொடவில்லை. பேச்சு, பேச்சு, பேச்சு.

அண்ணன் டியூப் ஆம்ப், அதாவது வெற்றிடக் குழாய் ஆம்ப், காலத்து ஆள். ஆம்பெக் எஸ்.வி.டி. பற்றிப் பேசினாலே முகம் மாறிவிடும். 1969இல் வந்தது, 300 வாட், 14 டியூப், கீழே எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அலமாரி. ஹெட் மட்டும் ஏறத்தாழ 40 கிலோ. அதை மாடிப்படியில் தூக்கியவர்கள் இன்றும் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

"அதே சத்தம் என் 3 கிலோ ஹெட்ல வருமாண்ணே?" என்று கேட்டேன்.

"சத்தம் வரும். அந்த அமுக்கமும் கரகரப்பும் வராது. டியூப்பை நெருக்கினா அது ஒடியாது, வளையும். ஆனா உனக்கு இப்ப அதுவா பிரச்சினை? அவ்வளவு பெரிய ஆம்ப் ஏன் செஞ்சாங்கன்னு யோசிச்சியா?"

யோசித்ததில்லை. அவரே சொன்னார். அப்போதெல்லாம் அரங்கத்தின் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் பாடுகிறவர்கள் குரல்தான் போகும். பேஸ் கடைசி வரிசைக்குப் போகவேண்டுமென்றால் மேடையில் இருக்கும் ஆம்ப்தான் அதைத் தள்ளியாக வேண்டும். அதற்கு முன் 1960இல் அதே ஆம்பெக் கொண்டுவந்த பி-15 ஆம்ப் வெறும் 25 வாட். சின்ன இடத்துக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

"இன்னைக்கு உன் பேஸ் டி.ஐ.ங்கிற நேரடி இணைப்பு வழியா மிக்ஸருக்குப் போகுது. கூட்டத்துக்குக் கேக்க வைக்கிறது அங்க இருக்கிறவர் வேலை. உன் ஆம்ப் யாருக்கு? உனக்கும் உன் டிரம்மருக்கும். அந்த ரெண்டு பேருக்கு 500 வாட் பத்தலையா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. தம்பிதான், "அண்ணா, லோ எவ்ளோ வெச்சிருந்தீங்க?" என்று கேட்டான். மூன்று மணி முள் அளவுக்கு என்றேன். மிட், அதாவது நடு அதிர்வெண்களுக்கான குமிழ்? குறைத்துத்தான் வைத்திருந்தேன். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அப்படித்தான் அழகாக இருக்கும். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்த் தன் பேஸை ட்யூன் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும். பேஸ் கையில் எடுத்து இத்தனை வருடத்தில் இந்த அளவு கற்றுக்கொண்ட நாள் குறைவு.

ரிகர்சல் அறையில் எல்லாரும் வருவதற்கு முன்பே போனேன். போன நிகழ்ச்சியின் அதே அமைப்பு, அதே குமிழ்கள். எதிர்ச் சுவர் ஓரமாக ஃபோனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, பத்து மீட்டர் கேபிளோடு வாசித்தபடியே அறையைச் சுற்றினேன். ஆம்புக்கு முன்னால் ஒரு சத்தம், நடுவில் வேறொன்று, மூலைக்குப் போனால் குமுறல். ஒரே 'இ' தந்திதான். எங்கும் அழுத்தாமல் மீட்டும் திறந்த 'இ' 41 ஹெர்ட்ஸ். அதன் அலை எட்டு மீட்டருக்கும் மேலே நீளம். அறையே அதைவிடச் சிறியது. அந்த அலை சுவர்களுக்கு நடுவில் முட்டி ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். குமிழால் அதைச் சரிசெய்ய முடியாது. ஆம்பைச் சுவரை, அதிலும் மூலையை ஒட்டி வைத்தால் லோ இன்னும் பெருகும். போன நிகழ்ச்சியில் இடமில்லை என்று மூலையில்தான் ஒடுக்கி வைத்திருந்தேன்.

பதிவைக் கேட்டேன். உறுமல். டிரம்மர் சொன்ன அதே சொல்.

அப்புறம் ஒன்று புரிந்தது. ஃபோனின் குட்டி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. ஆனாலும் நன்றாக ஒலிப்பதிவான எந்தப் பாட்டிலும் அதே ஃபோனில் பேஸ் வரியைத் தொடர முடிகிறதே, எப்படி? தந்தி 41இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 165 என்று மேலே மேலே மேற்சுரங்களும் சேர்ந்தே வருகின்றன. அவற்றைக் கேட்டதும் அடியில் இருக்கவேண்டிய சுரத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சுரத்தை அடையாளம் காட்டுவது மேலே இருக்கும் அந்த மேற்சுரங்கள்தான். நானோ மிட்டைக் குறைத்து அவற்றையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, அடியை மட்டும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அந்த அடிப் பகுதியில் கிக் டிரம்மும் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று மூடியதில் மிச்சம் உறுமல்.

லோவை நடுவுக்குக் கொண்டுவந்தேன். லோ மிட்டையும் ஹை மிட்டையும், ஏறத்தாழ 250இலிருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்குமான இடத்தை, ஏற்றினேன். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையெல்லாம் ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டினேன். நாலு தந்தி பேஸில் அங்கே இசை எதுவுமில்லை. விரல் தட்டும் அதிர்வும் மேடையின் குலுக்கலும்தான் ஸ்பீக்கரை வீணாக ஆட்டிக்கொண்டிருக்கும்.

தனியாகக் கேட்கச் சகிக்கவில்லை. மூக்கடைத்த குரல் போல இருந்தது. கை தானாகவே குமிழைத் திருப்பப் போயிற்று, கட்டுப்படுத்திக்கொண்டேன்.

பிறகு டிரம்மர் வந்தார், கிட்டார் வந்தது, கீபோர்டு வந்தது. முதல் பாட்டின் எட்டாவது தாள அளவில் (பார்) டிரம்மர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வால்யூம் போனமுறையைவிடக் குறைவு.

இன்னொன்றும் செய்தேன். கேபினெட்டைத் தூக்கி ஒரு நாற்காலிமேல் வைத்தேன். 10 அங்குல ஸ்பீக்கரிலிருந்து மேல் அதிர்வெண்கள் நேர்க்கோட்டில் டார்ச் வெளிச்சம் போலப் பாயும். தரையில் வைத்தால் அவை முழங்காலைத்தான் குளிப்பாட்டும், காதுக்கு வருவது அடிச்சத்தம் மட்டும். எத்தனை மேடையில் முழங்காலுக்கு வாசித்திருக்கிறேன்!

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது கேபினெட் வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்தேன். பையில் காதுச் செருகி இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. காது தாங்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நயோஷ் தரும் அளவுகோல். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். ஒரு நிகழ்ச்சியே அதைத் தாண்டிவிடும்.

மார்ச் 12, வியாழன்

தம்பி அஞ்சு தந்தி பேஸ் வாங்கப் போகிறானாம். கீழ் 'பி' 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். வாங்குவதற்கு முன் உன் கேபினெட்டில் ஒருமுறை மாட்டிக் கேட்டுவிட்டு வா என்றேன். தந்தியில் இருப்பதெல்லாம் பெட்டியில் வந்துவிடுவதில்லை. கழுத்தின் கனத்தில் தலைப்பகுதி கீழே சாய்கிறதா என்று ஸ்ட்ராப் போட்டு நின்று பார்க்கவும் சொன்னேன். உட்கார்ந்து பார்த்து வாங்கினால் அது தெரியாது.

அவனிடம் பேசிவிட்டு வந்த வேகத்தில், பெட்டியில் கிடந்த என் பழைய ப்ரிசிஷன் ரகப் பேஸை எடுத்தேன். லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த வடிவம். 1957இல் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை இரண்டு துண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி இறக்கி வைத்தார்கள். அது மின் இரைச்சலைத் தானே நீக்கிக்கொள்ளும், கூடவே அந்த நடு அதிர்வெண் குரலையும் தரும். மோட்டவுன் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இதில்தான், தட்டைச் சுற்றுத் தந்தி போட்டு, வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் வாசித்தார். அந்த வரிகள் எந்த ரேடியோவிலும் கேட்டன.

கழுத்து வளைந்திருந்தது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களில், முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே தந்தியில் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளியைப் பார்த்தால், விசிட்டிங் கார்டு நுழைந்து வரவேண்டிய இடத்தில் மூன்று கார்டு நுழைந்தது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் கம்பியைக் கால் திருகு திருகிவிட்டு ஒரு நாள் விடவேண்டும். நாலு தந்தியும் சேர்ந்து 75 கிலோ போல இழுத்துக்கொண்டிருக்கும் மரம் அது. அவசரப்பட்டால் முறுக்கிக்கொள்ளும்.

மார்ச் 14, சனி, இரவு

கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவிட்டுத் தூங்குகிறேன்.

சவுண்ட் செக் நன்றாகப் போயிற்று. ஹெட்டின் டி.ஐ. பொத்தானை ப்ரீ பக்கம், அதாவது குமிழ்களுக்கு முன்னாலேயே ஒலியை எடுக்கும்படி, வைத்தேன். நான் மேடையில் குமிழைத் திருகினாலும் மிக்ஸருக்குப் போவது மாறாது, சவுண்ட் இன்ஜினியர் நிம்மதியாக இருப்பார். ஒரு ஹம் வந்தது, டி.ஐ.யின் தரை இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தியதும் போயிற்று. கேபினெட் நாற்காலிமேல், மூலையிலிருந்து தள்ளி.

ஐந்தாவது பாட்டின் நடுவில், பேட்டரியில் ஓடும் என் ஆக்டிவ் பேஸ் கரகரத்தது. கிழிந்த சத்தம், பிறகு மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லை. 9 வோல்ட் பேட்டரி. நேற்று ரிகர்சல் முடிந்து வந்து கேபிளைக் கழற்றாமல் சாய்த்து வைத்துவிட்டேன். ஜாக் உள்ளே இருக்கும்வரை உள் சுற்று ஓடிக்கொண்டேதான் இருக்கும், வால்யூம் சுழியத்தில் இருந்தாலும். பலருக்கு நானே சொல்லிக்கொடுத்த விஷயம். ஏற்கெனவே களைத்திருந்த பேட்டரியாக இருந்திருக்கும், ஓர் இரவும் பகலும் அதை முடித்துவிட்டது. கிட்டார்காரர் என் இடத்தையும் சேர்த்து நிரப்பினார். ஆம்பை ம்யூட் செய்து, பழைய பேஸை மாட்டி, ட்யூனரை ஒருமுறை பார்த்து, இரண்டாம் சரணத்தில் உள்ளே வந்தேன். அதற்குப் பேட்டரி கிடையாது.

மிச்ச நிகழ்ச்சி முழுக்க அதில்தான் வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு மெதுவான பாட்டில் கிக் விழும் இடமும் என் விரல் விழும் இடமும் ஒன்றாகிப்போய் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

முடிந்ததும் டிரம்மர் குச்சிகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஒன்பதாவது பாட்டு, பல்லவி திரும்புற இடத்துல, 'எஃப் ஷார்ப்' வரணும். நீங்க 'எஃப்' போட்டீங்க, ரெண்டு தடவை."

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

புதுப் பேட்டரி போட்டாயிற்று, உபரியாக இரண்டு பையில். கேபிள் கழற்றி வைத்திருக்கிறேன், இரண்டு முறை பார்த்துவிட்டேன். பாடகி நேற்றைய பதிவை அனுப்பியிருந்தார், கூட்டத்தின் நடுவிலிருந்து யாரோ எடுத்தது. ஃபோனில் போட்டுக் கேட்டேன். அந்த 'எஃப்' இரண்டு தடவையும் தெளிவாக விழுகிறது. மெட்ரோனோமை 60இல் வைத்து அந்த நாலு அளவையும் காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.