'இல்லை'க்கு எந்த நிறம்?

உலகத்தில் குதிரைலாட நண்டு எங்கெங்கே வாழ்கிறது என்று வரைபடம் போடும் வேலையில் எனக்கு வந்த பங்கு, புள்ளிகளைச் சரிபார்ப்பது. பட்டுக்கோட்டையில் வீட்டு மாடியில் லேப்டாப்பும் கரண்டும் இருந்தால் போதும். புள்ளிகள் பெரும்பாலும் ஜிபிஃப் என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கியவை. அருங்காட்சியகத்துப் பழைய லேபிள், ஆய்வாளர்களின் கணக்கெடுப்பு, யாரோ போனில் எடுத்த படம் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும்.

பெயரில்தான் நண்டு. உறவுமுறையில் சிலந்திக்கும் தேளுக்கும் பக்கம். இன்று உயிரோடு இருப்பவை நாலே நாலு இனம். லிமுலஸ் என்ற ஒன்று வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோவின் யுகடான் பக்கமும் இருக்கிறது. மற்ற மூன்றும் ஆசியாவில். அவற்றில் இரண்டு இந்தியாவுக்கும் உண்டு: ஒடிசா, வங்கக் கரைகளில் முட்டையிடும் டாக்கிப்ளியஸ் ஜைகாஸ், சுந்தரவனம் போன்ற அலையாத்திச் சேற்றில் வாழும் கார்சினோஸ்கார்பியஸ். ஊசி மருந்தில் பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று பார்க்க இவற்றின் நீல ரத்தம் பயன்படுவதால், எங்கே எத்தனை மிச்சம் என்ற கவலை மருந்து உலகத்துக்கும் உண்டு.

முதல் முறை எல்லாப் புள்ளியையும் திரையில் போட்டபோது சிரிப்புதான் வந்தது. ஒடிசாவின் பாலசோரில் பதிவான நண்டு வட துருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் யாரோ இடம் மாற்றி அடித்திருக்கிறார்கள். 21, 87 என்பது 87, 21 ஆகிவிட்டது. (நம்ம மல்லிப்பட்டினத்தை அப்படி மாற்றினால் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுக் கடலில் போய் விழும். போட்டுப் பார்த்தேன்.) இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டவர்களின் நண்டெல்லாம் பூஜ்யம், பூஜ்யம் என்று மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே நடுக்கடலில். "இந்தியா" என்று மட்டும் எழுதியதைக் கணினி நாட்டின் மையத்தில் குத்தியதில், மத்தியப் பிரதேசத்துக்கும் ஒரு நண்டு கிடைத்தது.

இவை சுலபம், பார்த்ததும் தெரிந்துவிடும். நம்பும்படியான இடத்தில் விழுந்திருக்கும் தப்புதான் கஷ்டம். ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த சுமார் 15 கோடி வருஷப் புதைபடிவம், உயிருள்ளவற்றோடு கலந்து வரும். பழைய லேபிள்களில் ஆசிய இனத்துக்கும் லிமுலஸ் என்றே பெயர் இருக்கும். "கல்கத்தா" என்று எழுதியிருந்தால் அது பிடித்த இடமா, வாங்கிய சந்தையா, பாடம் செய்து வைத்த அலமாரியா? படத்தில் வால் தெளிவாகத் தெரிந்தால் கார்சினோஸ்கார்பியஸா இல்லையா என்று சொல்லிவிடலாம். அதன் வால் உருண்டை, டாக்கிப்ளியஸுக்கு முக்கோணம். ஆனால் முதுகைப் படமெடுக்கிறவர்கள் வாலை விட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் கழித்த பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் புள்ளி வைக்க இடமில்லை. அங்கே 1990 முதல் தன்னார்வலர்கள் மே, ஜூன் ராத்திரிகளில் கரையில் நடந்து எண்ணுகிறார்கள். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நல்ல நெருக்கம். அவ்வளவு பெரிய இந்தோனேசியாவில் அங்கொன்றும் இங்கொன்றும். பாதிக்குப் பாதி இது நண்டின் படமில்லை, நண்டைத் தேடும் மனிதர்களின் படம். நம் நாட்டு இரண்டு இனங்களும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கப் பட்டியலில் "போதிய தரவு இல்லாதவை" என்றே இருப்பதில் ஆச்சரியமில்லை.

அப்புறம் எங்கள் கரை. கொள்ளிட முகத்திலிருந்து கோடியக்கரை சுற்றி மல்லிப்பட்டினம் வரை ஒரு புள்ளி இல்லை. முத்துப்பேட்டையில் அலையாத்தி உண்டு, சேறு உண்டு, பாமணியாறும் கோரையாறும் வந்து கலக்கிற உப்பங்கழி உண்டு. பிறகு ஏன் இல்லை? ஒடிசாவின் சாந்திப்பூரில் வற்றத்தின்போது கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கும். பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதுதான் காரணம் என்று முடிக்கப் பார்த்தால், ஓதமே பெரிதாகத் தெரியாத புளோரிடா காயல்களில் லிமுலஸ் முட்டையிடுகிறது. குஞ்சுகள் சில நாள்தான் நீந்தும், பிறகு பிறந்த கரைக்குப் பக்கத்திலேயே சேற்றில் அடங்கிவிடும் என்பது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அப்படிப்பட்ட பிராணி ஒடிசாவிலிருந்து இவ்வளவு தூரம் சுலபத்தில் வந்துவிடாது.

மல்லிப்பட்டினத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போனில் படத்தைக் காட்டினேன். "சட்டியக் கவுத்து வச்சு வாலு ஒட்டுன மாதிரில்ல இருக்கு. நம்ம பக்கம் வலையில ஏறுனதில்ல தம்பி" என்றார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத பாரதீப்புல பாத்திருக்கேன்" என்றார். ஒடிசாவின் அந்தத் துறைமுகத்தில் போட்டில் வேலைக்குப் போயிருந்தவர். "வலையில சிக்கிக்கிட்டா எடுக்குறதுக்குள்ள உசுரு போயிரும். இங்க இருந்தா எனக்குத் தெரியாமயா போகும்?"

அந்தக் கடைசி வரியைத்தான் வீடியோ மீட்டிங்கில் சொன்னேன். பெரியவரின் "இல்லை"யைவிட இவருடைய "இல்லை" கனமானது. இவருக்கு அந்த நண்டைத் தெரியும், வருஷக்கணக்காக இந்தத் தண்ணீரிலும் வலை போடுகிறார். குழுவின் தலைமை மேடம் சம்மதிக்கவில்லை. "குஞ்சு காசு அளவுதான் இருக்கும், சேற்றில் பாதி புதைந்து கிடக்கும். வலையில் எப்படி வரும்? வற்றத்தில் இறங்கி நடந்து தேடினால்தான் கணக்கு" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் அதற்காக, யாருமே எட்டிப் பார்க்காத கரைக்குப் போடும் அதே வெள்ளையை இங்கேயும் பூசுவது எனக்கு ஒப்பவில்லை.

கடைசியில் நாலு நிறமாகப் பிரித்தோம்: பார்த்தது, தேடியும் காணாதது, தொழில் செய்பவர்கள் இல்லை என்று சொன்னது, யாரும் தேடாதது. மூன்றாவதற்கு, சொன்னவர் அந்தப் பிராணியை வேறெங்காவது பார்த்தவரா என்று குறிக்க எக்ஸெல்லில் தனிப் பத்தி சேர்த்தேன். முத்துப்பேட்டையிலிருந்து மல்லிப்பட்டினம் வரை இப்போது அந்த மூன்றாம் நிறம். நிறம் கூடிப்போச்சு, அச்சில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது என்று வடிவமைப்பாளர் முணுமுணுக்கிறார். கோடு போட்டுக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.