டேட்டாபேஸ் டிரைவரில் 'ரிக்வயர்' போதாது

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நான் எழுதித் தரும் பில்லிங் புரோகிராம்கள், கோயம்புத்தூரில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரோடு பேசுகின்றன. ஜாப் ஒர்க் ரேட், பையர் விவரம், டெய்லர்களின் வாரச் சம்பளம் எல்லாம் அந்த வழியில்தான் போகிறது. அதனால் இதில் நான் கறாராக இருப்பேன்.

பைத்தான் புரோகிராமை போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைக்கோபிஜி டிரைவரைச் சும்மா விட்டால், எஸ்எஸ்எல் என்னும் மறையாக்கம் எவ்வளவு கட்டாயம் என்று சொல்லும் எஸ்எஸ்எல்மோட் செட்டிங் 'பிரிஃபர்'தான். சர்வரில் எஸ்எஸ்எல் இல்லையென்றால் சத்தமில்லாமல் மறையாக்கம் இல்லாத வெறும் இணைப்பில் போய்விடும். சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க நம் பக்கம் வைக்கும் ரூட் சான்றிதழ் இல்லாமல், எஸ்எஸ்எல்மோடில் 'ரிக்வயர்' போட்டால் தகவல் மறையாக்கமாகப் போகும், சரி. ஆனால் எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று பார்க்காது.

'வெரிஃபை-ஃபுல்' போட்டு, எஸ்எஸ்எல்ரூட்சர்ட் செட்டிங்கில் சிஏ ஃபைலை, அதாவது அந்த ரூட் சான்றிதழைக் காட்டுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் கொடுத்த சர்வர் பெயரும் ஒத்துப்போனால்தான் இணையும். அப்புறம் யார் எப்படி இணையலாம் என்று சொல்லும் சர்வரின் பிஜி_ஹெச்பிஏ ஃபைலில், எஸ்எஸ்எல் இல்லாத இணைப்பையும் ஏற்கும் 'ஹோஸ்ட்' வரிகளை, எஸ்எஸ்எல் இணைப்பை மட்டும் ஏற்கும் 'ஹோஸ்ட்எஸ்எஸ்எல்' என்று மாற்றிவிடுங்கள்.