படை களத்தில், கணக்கு முகாமில்

படைப்பிரிவு களத்துக்குக் கிளம்பியதும், முகாமின் உதிரிபாக ஸ்டோர்ஸுக்கு இன்டென்ட், அதாவது பொருள் கேட்கும் கோரிக்கை, வருவது நின்றுவிடும். கொஞ்ச காலம் யாரும் கேட்காத பொருளை இனித் தேவையில்லை என்று கணினி முடிவுகட்டி, இருப்பைக் குறைக்கச் சொல்லும். அதனால் எங்கள் வண்டிகள் களத்துக்குப் போனபோது, முகாமின் இருப்பு அளவுகளில் கைவைக்காமலிருக்க முதலில் ஒப்புதல் வாங்கினேன். களத்து இன்டென்ட்டுகளுக்குத் தனிக் குறியீடும் வாங்கினேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை: களத்துத் தேவையைச் சரியாகக் கணக்கெடுப்பது. தொடர்பு இல்லாத நாட்களில் ஒர்க்‌ஷாப்பில் சீட்டில் எழுதிவைத்து, லைன் கிடைத்ததும் மொத்தமாக ஏற்றுவார்கள். பல நாள் தேவை ஒரே தேதியில் வந்து விழும். கிரீஸ் படிந்த அந்தச் சீட்டுகளை வரவழைத்து, எழுதிய தேதியையே தேவைத் தேதியாக மாற்றினோம். நேட்டோ முறைப் பொருள் எண் 13 இலக்கம்: முதல் 4 வகை, அடுத்த 2 நாடு, மீதி 7 அந்தப் பொருளுக்கே உரியது. அந்த ஏழில் ஒன்று பிசகினாலும் வேறு பொருளின் கணக்கில் ஏறிவிடும். எண்ணோடு பெயரையும் ஒப்பிட்டுத்தான் ஏற்றினோம்.

பதில் வராவிட்டால் மெக்கானிக் மறுபடியும் இன்டென்ட் போடுவார். அவரைக் குறை சொல்லவே முடியாது. வண்டி நின்றால் அதை நம்பியிருக்கும் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா அனுப்பிய சுமார் 40,000 கன்டெய்னர்களில் பாதிக்கு மேல், உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அப்போதும் இப்படி இரட்டை இன்டென்ட்டுகள் குவிந்தன. நாங்கள் ஒவ்வொரு இன்டென்ட்டின் நிலவரத்தையும் தவறாமல் களத்துக்கு அனுப்பத் தொடங்கினோம். இரட்டிப்பு நன்றாகக் குறைந்தது.

ஒரு வண்டியில் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அந்தத் தேவை கணக்கிலேயே வராது. கழற்றியதையும் எழுதச் சொன்னோம்.

கடைசியாக, ஒவ்வொரு பொருளின் தேவையையும் எஞ்சின் ஓடிய மணியால் வகுத்தோம். ஏர் ஃபில்டர், கிளட்ச் பிளேட் இரண்டின் தேவையுமே எகிறியிருந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் கிளட்ச் பிளேட் முகாமில் தேய்ந்த அளவுதான் தேய்ந்திருந்தது. வண்டி அதிகம் ஓடியதுதான் காரணம். ஃபில்டரோ மணிக்கணக்கிலும் பல மடங்கு. அது புழுதியின் வேலை. ஆகவே கிளட்ச் பிளேட் கணக்கை முகாமின் மதிப்பீட்டில் சேர்த்தோம். ஃபில்டர் கணக்கை அதில் சேர்க்காமல், அதே நிலப்பரப்புக்கு அடுத்துப் போகும் பிரிவின் உதிரிபாகப் பெட்டிக்கு ஒதுக்கினோம்.