வாக்கியத்தின் கடைசிச் சொல்

தமிழ்மொழித் தினப் போட்டிகள் நெருங்கும் காலத்தில், பேச்சுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் சிலர் எழுதிய தாள்களுடன் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை நல்ல கட்டுரைகளாக இருக்கும், பேச்சாக இரா. வாசிப்பவர் விளங்காத இடத்தில் நின்று, இரண்டு வரி மேலே போய் மீண்டும் வாசிக்கலாம். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது.

தமிழில் இந்தச் சிக்கல் சற்றுக் கூடுதலாகவே உண்டு. எமது வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா செய்யவில்லையா என்பவையெல்லாம் அங்கேதான் தெரியவருகின்றன. மக்கள் ஒன்றை ஏற்றுக்கொண்டார்களா, மறுத்தார்களா என்று அறியுமுன் ஐந்தாறு எச்சங்களையும் மூன்று 'என்பதையும்'களையும் கேட்பவர் மனத்திலே தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் பின்வரிசை கதைக்கத் தொடங்கிவிடும்.

எமது துறைமுகத்தைப் பற்றிப் பேச வரும் பிள்ளைகள் அநேகமாக இப்படித்தான் தொடங்குகிறார்கள்: "உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகத் திகழ்வதும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் எனப் பலரும் கைப்பற்றியதும், 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்கானதுமாகிய திருகோணமலை…" தாளில் இதற்குப் பிழை சொல்ல இயலாது. மேடைக்கு நான் இதை உடைக்கச் சொல்வேன்: "திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. இந்தத் துறைமுகத்தைத் தேடிப் போர்த்துக்கேயர் வந்தனர். ஒல்லாந்தர் வந்தனர். 1782 இல் ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டில் பிரான்சியர் பறித்தனர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின." செய்தி குறையவில்லை, ஒரு தகவல் கூடியும் இருக்கிறது, ஒவ்வொரு வினைமுற்றிலும் கேட்பவருக்கு ஒரு மூச்சு கிடைக்கிறது.

நீண்ட வாக்கியமே ஆகாது என்பது என் வாதமன்று. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது பிரசங்கங்களைத் தொடங்கினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டத்தை வழங்கியது. அவருடைய உரைநடையில் நெடிய வாக்கியங்கள் தாராளமாக உண்டு. ஆயினும் அவை எழுவாயை நழுவவிடாமல் படிப்படியாகச் செல்பவை. எங்கே நிறுத்த வேண்டுமென்பதை அவர் இட்ட குறியீடுகள் காட்டிவிடும். பிரசங்கமும் அச்சுக்கூடமும் ஒரே மனிதரிடம் இருந்ததன் பயன் அது என்றே நான் கருதுகிறேன்.

பேசும் முறையிலும் அதே கடைசிச் சொல்தான் என் கவலை. வாக்கியம் முடியும்போது மூச்சுக் குறைந்து குரல் தணிவது இயல்பு. ஆனால் "விடுவோம்" என்பதற்கும் "விடோம்" என்பதற்கும் இடையில் இருப்பது ஓரெழுத்து. அது கேட்காவிட்டால் பேச்சாளர் சூளுரைத்தாரா, கைவிட்டாரா என்று சபைக்குத் தெரியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே திறந்த மைதானத்தில் பேசியவர்களுக்கு இது நன்கு விளங்கும். ஒலிவாங்கியில் காற்று இரைய, தணிந்த குரலைத்தான் அது முதலில் விழுங்கும்.

மிகுதியை நன்னூல் முன்னரே சொல்லிவிட்டது. அது கூறும் பத்துக் குற்றங்களுள் 'மற்றொன்று விரித்தல்', 'சென்று தேய்ந்து இறுதல்' ஆகிய இரண்டும் நூலுக்கு மட்டுமன்றி எமது மேடைகளுக்கும் பொருந்துபவை. தலைவர், பிரதம விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று அனைவரையும் விளித்து முடிப்பதற்குள் பலருடைய பேச்சு பாதி தேய்ந்துவிடுகிறது. (விருந்தினரின் முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.)

மனனம் பற்றியும் கேட்கிறார்கள். முழுத் தாளையும் ஒப்புவிக்கும் பிள்ளை ஒரு சொல் தவறினால் முழுவதையும் தவறவிடும். ஆகவே முதல் வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையும் மனனம் செய்து, இடையிலுள்ளவற்றின் வரிசையை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒத்திகையின்போது வீட்டில் ஒருவரை அடுத்த அறையில் இருத்துங்கள். தாளின் பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்து, கேட்காத வினைமுற்றுகளுக்குக் கீழே கோடிடச் சொல்லுங்கள். கோடு விழுந்த வாக்கியம் நீளமானதாக இருந்தால் அதைத் திருத்தி எழுத வேண்டும். குறுகியதாக இருந்தால் குரலைத் திருத்த வேண்டும்.